திண்ணைப்பள்ளிக் கணிதம்

திண்ணைப்பள்ளிக் கணிதம் என்பது தமிழகத்தின் திண்ணைப்பள்ளிகளில் சிறுவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட எண், பின்னம், அளவை ஆகியவற்றின் பயிற்சியைக் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்த இப்பயிற்சி, சில ஊர்களில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நீடித்தது. ஏறத்தாழ ஐந்து வயதில் பள்ளியில் சேர்ந்த சிறுவன் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குள் இதனை முடித்து வெளியேறினான். இன்றைய பள்ளிமுறையில் இது தொடக்க வகுப்புகளையும் நடுநிலை வகுப்புகளையும் (6 முதல் 8 வரை) சேர்த்த காலமாகும்.

இப்பயிற்சியின் அடிப்படை மனனம். அதனால் இது பொருளறியாமல் ஒப்பிக்கும் முறை என்று பலராலும் கருதப்படுவதுண்டு. அக்கருத்து பாதியே சரி. எதை மனனம் செய்தனர், அதை எவ்வாறு சரிபார்த்தனர் என்பதை நோக்கினால், மனனமே ஒரு கணக்கிடும் கருவியாகப் பயன்பட்டது தெரியவரும். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் திருத்தணி போன்ற எல்லைப் பகுதிகளில் இது மேலும் சுவையான ஒரு வடிவம் பெறுகிறது. அங்கு வழங்கும் இரு மொழிகளிலும் உள்ள ஒரே சொல் இரு வேறு பின்னங்களைக் குறிக்கிறது.

பள்ளியும் அதன் நாளும்

திண்ணைப்பள்ளிக்கெனத் தனிக் கட்டடம் பெரும்பாலும் இருந்ததில்லை. ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலோ, ஊரில் வசதியுள்ள ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ, சாவடியிலோ பள்ளி நடந்தது. ஆசிரியர் உபாத்தியாயர், அண்ணாவி, வாத்தியார் எனப் பலவாறு அழைக்கப்பட்டார். அவருக்கான ஊதியம் மாணவர் வீடுகளிலிருந்து நெல்லாகவும் காசாகவும் வந்தது. மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளை என்னும் பெயரில் இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் ஆண்ட்ரூ பெல் இம்முறையைக் கையாண்டு, 1797இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். அதன் பிறகு அது ‘மதராசு முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளிலும் பரவியது.

பள்ளி நாள் விடியற்காலையில் தொடங்கியது. பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், நேரத்திற்கு வருவதை உறுதிசெய்ய அப்பகுதிப் பள்ளிகள் கையாண்ட வழக்கம் ஒன்று விவரிக்கப்பட்டுள்ளது. முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனின் கையில் சுழியம் எழுதப்படும். அவனுக்குப் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை என்பது அதன் பொருள். மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருவோருக்கு ஒவ்வொன்றாகக் கூடும். கணக்குப் பள்ளிக்குப் பொருத்தமான தண்டனை என்றே கூறவேண்டும்.

காலையில் முதல் வேலை, முந்தைய நாள் பாடத்தை ஒப்பித்தல். இதற்கு முறை சொல்லுதல் என்று பெயர். ஒருவன் முன்னே சொல்ல மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வர். பிறகு எழுத்து. தொடக்கத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகினர். கை படிந்த பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் கிடைத்தன. மாலையில் வீடு திரும்பும் முன் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பூவின் பெயரோ ஊரின் பெயரோ சொல்லி அனுப்பி, மறுநாள் அதைக் கேட்கும் வழக்கத்தை உ. வே. சாமிநாதையர் தம் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ நூலில் பதிவு செய்துள்ளார். நினைவாற்றல் தனியாகப் பழக்கப்பட வேண்டிய ஒன்று என இப்பள்ளிகள் கருதியதற்கு இது நல்ல சான்று. அடி, கோதண்டம் போன்ற கடுமையான தண்டனைகளும் இருந்தன. இம்முறையைப் போற்றுவோர் அவற்றை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

கற்ற சுவடிகள்

கணிதத்தில் நான்கு சுவடிகள் முதன்மையானவை: பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து. பொன்னிலக்கம் மிகச் சிறிய பின்னத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிச் செல்லும் எண் வரிசையாகும். நெல்லிலக்கம் அதே முறையில் முகத்தலளவைகளைக் கூட்டிச் செல்வது. எண்சுவடி பெருக்கல் வாய்பாடு. முழு எண்ணை முழு எண்ணால் பெருக்குவதோடு நில்லாமல், முழு எண்ணைப் பின்னத்தாலும் பின்னத்தைப் பின்னத்தாலும் பெருக்கும் வாய்பாடுகளும் அதில் அடங்கும். குழிமாத்து நிலத்தின் பரப்பைக் கணக்கிட உதவுவது. இவற்றைக் கடந்தவர்களுக்குக் காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இருந்தன. ஆனால் அவை எல்லா மாணவர்க்கும் உரிய பாடமல்ல.

இச்சுவடிகளையும் அவை கற்பிக்கப்பட்ட சூழலையும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் செந்தில் பாபு விரிவாக ஆராய்ந்துள்ளார். அவருடைய ஆங்கில நூல் 2022இல் வெளிவந்தது.

பழைய தமிழ் எண்முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக் குறியீடுகள் உண்டு. சுழியம் வைத்து இடமதிப்புக் காட்டும் வழக்கம் இல்லை. எடுத்துக்காட்டாக, திருத்தணி முருகன் கோயிலின் மலைப்படிகளின் எண்ணிக்கையாகச் சொல்லப்படும் 365, ௩௱௬௰௫ என எழுதப்படும். இவ்வாறு எழுதிய எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி இன்றைய முறையில் கூட்டவோ பெருக்கவோ இயலாது. கணக்கு மனத்திலேயே நடந்தது; விடை மட்டுமே ஓலையில் ஏறியது. மனனத்திற்கு அத்தனை முதன்மை ஏற்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பின்னங்கள்

இன்றைய மாணவர்களில் பலர் தடுமாறும் இடம் பின்னம். திண்ணைப்பள்ளியிலோ பின்னமே தொடக்கப் பாடமாக இருந்தது. அடிப்படை அலகு முந்திரி, அதாவது 1/320. மற்றவை அதன் மடங்குகளாகும்:

முந்திரி = 1/320
அரைக்காணி = 1/160 (2 முந்திரி)
காணி = 1/80 (4 முந்திரி)
அரைமா = 1/40 (8 முந்திரி)
மா = 1/20 (16 முந்திரி)
மாகாணி அல்லது வீசம் = 1/16 (20 முந்திரி)
அரைக்கால் = 1/8 (40 முந்திரி)
கால் = 1/4 (80 முந்திரி)

320 என்னும் எண் தற்செயலானதன்று. அது 16ஐ 20ஆல் பெருக்கக் கிடைப்பது. ஆகவே பாதிபாதியாகப் பிரிக்கும் வரிசையும் (1/2, 1/4, 1/8, 1/16), இருபதாகப் பிரிக்கும் வரிசையும் (1/20, 1/40, 1/80) ஒரே அலகில் மீதமின்றி அடங்குகின்றன. பின்னங்களைக் கூட்டுவதற்குப் பொதுப் பகுதி காணவேண்டும் என்று இன்று 6ஆம் வகுப்பில் கற்பிக்கப்படுகிறது. திண்ணைப்பள்ளி மாணவனுக்கு அப்பொதுப் பகுதி ஏற்கெனவே கையில் இருந்தது. மாவும் காணியும் சேர்ந்தால் என்ன என்று கேட்டால், 16 முந்திரியும் 4 முந்திரியும் 20 முந்திரி, அது மாகாணி என்று அவன் உடனே கூறுவான். மாகாணி என்னும் பெயரிலேயே மா, காணி இரண்டும் இருப்பதைக் காணலாம்.

முந்திரிக்குக் கீழும் வரிசை தொடர்ந்தது. எந்தப் பின்னத்தின் முன்னும் ‘கீழ்’ என்னும் சொல் சேர்ந்தால், அதன் 320இல் ஒரு பங்கு என்று பொருள். கீழரை 1/640, கீழ்முந்திரி 1/102400. மாவை மாவால் பெருக்கினால் 1/400 வரும். இதற்கு மேல்வரிசையில் பெயர் இல்லை. ஆனால் 1/400 என்பது முந்திரியின் ஐந்தில் நான்கு பங்கு. ஐந்தில் நான்கு என்பது முக்காலும் ஒரு மாவும் சேர்ந்தது. ஆகவே விடையைக் கீழ்முக்காலும் கீழ் ஒரு மாவும் எனச் சொல்லலாம். இத்தகைய பெருக்கல்களையும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அறிந்திருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

மனனமும் சரிபார்ப்பும்

வாய்பாடு ஒவ்வொன்றின் இறுதியிலும் அதில் வந்த பெருக்குத்தொகைகளின் கூட்டுத்தொகை சொல்லப்பட்டது. இதனை நினைவில் வைக்க உதவும் செய்யுள் அலகுநிலை எனப்பட்டது. இதன் பயனை இன்றைய வாய்பாட்டைக் கொண்டே விளக்கலாம். ஏழாம் வாய்பாட்டில் 7, 14, 21 எனத் தொடங்கி 70 வரையுள்ள பத்து எண்களையும் கூட்டினால் 385 வரும் (1 முதல் 10 வரையான எண்களின் கூட்டுத்தொகை 55; அதன் ஏழு மடங்கு 385). ஒப்பிக்கும்போது ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்குப் பதிலாக ஐம்பத்து நான்கு என்று சொன்ன மாணவனுக்குக் கூட்டுத்தொகை 383 என்றே வரும். பிழை இருப்பதை ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை; சுவடியே காட்டிக்கொடுத்துவிடும்.

வெறும் ஒப்பித்தலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்குதான் உள்ளது. மனனம் செய்தவன் தன் மனனத்தைத் தானே சோதிக்கும் வழியையும் கற்றான். பிற்காலத்தில் அச்சாகி வந்த மலிவு விலை வாய்பாட்டுப் புத்தகங்களில் இக்கூட்டுத்தொகைகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. வாய்பாட்டை இன்றும் மனனம் செய்கிறார்கள். சரிபார்க்கும் பகுதி மட்டும் உதிர்ந்துவிட்டது.

அளவைக் கணக்கு

நெல்லிலக்கத்தில் அலகுகள் சீரான மடங்குகளில் ஏறுவதில்லை. 360 நெல் ஒரு செவிடு; 5 செவிடு ஓர் ஆழாக்கு; 2 ஆழாக்கு ஓர் உழக்கு; 2 உழக்கு ஓர் உரி; 2 உரி ஒரு நாழி; 8 நாழி ஒரு குறுணி; 2 குறுணி ஒரு பதக்கு; 2 பதக்கு ஒரு தூணி; 3 தூணி ஒரு கலம். மடைப்பள்ளி ஒன்றிற்கு நாளொன்றுக்கு மூன்று உழக்கு அரிசி வேண்டும் எனில், 30 நாளுக்கு 90 உழக்கு. நான்கு உழக்கு ஒரு நாழி ஆதலால், அது இருபத்திரண்டரை நாழி. அதாவது ஒரு பதக்கு, ஆறு நாழி, ஓர் உரி. இவ்விடையைத் தாளின்றிச் சொல்வதே தேர்ச்சியின் அளவுகோல். ஊர்க்கணக்கர், கடைக்காரர், கோயில் கணக்கர் ஆகியோரின் அன்றாட வேலை இதுவாகவே இருந்தது.

திருத்தணியும் இரு காணிகளும்

திருத்தணி பிரித்தானியர் ஆட்சியில் கார்வேட்டிநகர் சமீனைச் சேர்ந்திருந்தது. வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 1911இல் புதிதாக அமைக்கப்பட்ட சித்தூர் மாவட்டத்திற்குச் சென்றது. 1820களில் தாமசு மன்றோவின் ஆணைப்படி எடுக்கப்பட்ட கல்விக் கணக்கெடுப்பில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் தமிழ்ப் பள்ளிகளும் தெலுங்குப் பள்ளிகளும் பதிவாகியுள்ளன. தெலுங்கில் திண்ணைப்பள்ளிக்கு வீதிபடி என்று பெயர். வாய்பாட்டிற்கு எக்காலு என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் அச்சான பெத்த பாலசிட்ச என்னும் தெலுங்குச் சிறுவர் நூலிலும் எண்களும் அளவைகளும் இடம்பெற்றன.

தெலுங்குப் பின்னங்கள் நான்கு நான்காகப் பிரிபவை. பாதிக 1/4, வீசம் 1/16, காணி 1/64. இடையில் 1/8க்குப் பரக என்னும் பெயர் உண்டு. தமிழ் வீசமும் தெலுங்கு வீசமும் ஒன்றே. ஆனால் காணி அவ்வாறன்று. தமிழில் அது 1/80, தெலுங்கில் 1/64. முந்திரிக் கணக்கில் சொன்னால், தமிழ்க் காணி நான்கு முந்திரி, தெலுங்குக் காணி ஐந்து முந்திரி. 320 ரூபாயில் காணிப் பங்கு என்றால் தமிழ் வாய்பாடு கற்றவனுக்கு 4 ரூபாய். எக்காலு கற்றவனுக்கு 5 ரூபாய்.

நடைமுறையில் சந்தைக் கணக்கில் இக்குழப்பம் பெரிதாக எழுவதற்கு இடமில்லை. ஒரு ரூபாய்க்கு 16 அணா என்றிருந்த காலத்தில் அணாவே வீசம் ஆகும். அதில் இரு மொழியினரும் ஒத்திருந்தனர். இது போதாதென்று, தொண்டை மண்டலத்தில் காணி என்பது நில அளவுமாகும் (24 மனை, ஏறத்தாழ 1.32 ஏக்கர்). சென்னை, திருவள்ளூர் வட்டாரங்களில் வீட்டுமனை விற்போர் இன்றும் கூறும் 2,400 சதுர அடி ‘கிரவுண்டு’ அந்த மனையே.

பயன்பெற்றோர்

மன்றோ 1826இல் தொகுத்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். பெண்கள் மிகச் சிலரே. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட சாதியினர்க்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடம் இல்லை. வயல்வேலை செய்து நெல்லைக் கூலியாகப் பெற்றவர்களுக்கு நெல்லிலக்கம் கற்பிக்கப்படவில்லை. அளந்து கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கே அது கற்பிக்கப்பட்டது. கூலியைச் சரிபார்க்க இயலாத நிலை இதனால் தலைமுறைதோறும் தொடர்ந்தது. இப்பள்ளிகளின் கணிதத் திறமை பற்றிப் பேசும்போது இதனையும் சேர்த்தே பேசவேண்டும்.

மறைவு

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பின் அரசு உதவி பெறும் பள்ளிகள் பெருகின. தேர்வு முடிவைப் பொறுத்து மானியம் வழங்கும் முறையும் வந்தது. ஆய்வாளர் முன் பலகையில் கணக்கை எழுதிக் காட்டவேண்டியிருந்ததால், மனக்கணக்கு பின்னுக்குச் சென்றது. இந்திய-அராபிய எண்களும் இடமதிப்பு முறையும் நிலைபெற்றன. 1888இல் திருத்தணிப் பகுதியில் பிறந்த ச. இராதாகிருட்டிணன் தம் தொடக்கக் கல்வியைத் திருத்தணியிலும், பின்னர் திருப்பதி மறைப்பணிப் பள்ளியிலும் பெற்றார். அவர் காலத்துச் சிறுவர்கள் புதிய வகைப் பள்ளிகளுக்குச் செல்லத் தொடங்கிவிட்டனர்.

ஆயினும் பின்ன வாய்பாடுகளுக்கு முடிவு கட்டியவை பள்ளிகள் அல்ல, நாணயமும் எடைக்கல்லுமே. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 நயா பைசாவாகப் பிரிக்கப்பட்டது. ஓர் அணா ஆறேகால் நயா பைசா ஆயிற்று. 1958 அக்டோபரில் தொடங்கி மெட்ரிக் எடைகளும் படிப்படியாக வந்தன. வீசமும் மாகாணியும் கடையில் பயனற்றுப் போனபின் அவற்றைப் பள்ளியில் கற்பதற்குக் காரணம் இல்லாமற் போயிற்று.

திருத்தணியில் இம்மாற்றம் மற்றொரு மாற்றத்தோடு சேர்ந்து வந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அதில் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், படாசுகர் தீர்ப்பை ஒட்டி இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 1957இல் அங்கே பள்ளியில் பயின்ற ஒரு சிறுவன், மூன்றே ஆண்டுகளில் காசின் கணக்கும் மாநிலமும் மாறக் கண்டான்.

இன்றைய நடுநிலை வகுப்பில்

தமிழ்நாட்டின் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையான கணிதப் பாடத்தில் எண்கள், அளவைகள், இயற்கணிதம், வடிவியல், புள்ளியியல், தகவல் செயலாக்கம் ஆகியவை அடங்கும். எதிர்பார்ப்பு முற்றிலும் வேறாகிவிட்டது. விடை மட்டும் போதாது, படிநிலைகளை எழுதிக் காட்டவேண்டும். குறை எண், மாறி போன்ற கையால் தொட்டு அளக்க இயலாத கருத்துகள் இவ்வகுப்புகளிலேயே நுழைகின்றன. 2012-13இல் நடைமுறைக்கு வந்த முப்பருவ முறையில் 40 மதிப்பெண் செயல்பாடுகளுக்கும் 60 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் ஒதுக்கப்பட்டது. 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு நடத்த 2019இல் வெளியான அறிவிப்பு, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது.

எல்லைப் பகுதிகளில் தெலுங்கு வழி வகுப்புகளுக்கெனத் தெலுங்குக் கணித நூல்களும் அச்சிடப்படுகின்றன. இரு மொழிக் கலைச்சொற்களில் சில ஒன்றே: பின்னம், வட்டி, இலாபம். சில வேறானவை: தமிழில் இயற்கணிதம், தெலுங்கில் பீசகணிதம், தமிழில் முக்கோணம், தெலுங்கில் திரிபுசம். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்திற்குப் பின் இம்மாணவர்களும் தமிழை ஒரு பாடமாகப் படிக்கின்றனர். ஆயினும் தமிழ்ப் பாடநூல் வழியாகக் கணிதக் கலைச்சொற்கள் வந்து சேர்வதில்லை. ஆகவே நடுநிலைப் பள்ளியோடு தெலுங்கு வழிக் கல்வியை நிறுத்தித் தமிழ் வழியில் 9ஆம் வகுப்பு சேரும் மாணவர், தாம் முன்பே அறிந்த கணிதத்தையே புதிய பெயர்களில் மீண்டும் கற்கவேண்டியுள்ளது. முக்கோணம் என்னும் சொல்லைப் படத்தைக் கண்டு ஊகிக்கலாம். வகுஎண், மீப்பெரு பொதுக் காரணி போன்றவற்றிற்கு அவ்வாறு படம் இல்லை.